சூட்டு மீட்டரில் சந்தனம்

வேகம் வேண்டும் என்று வண்டியைக் கொண்டுவருகிறவர்களைக் கண்டாலே எனக்கு அலுப்பு. ஓடுகிற வண்டி ஓடினால் போதாதா? மேலகரத்தில் பட்டறை போட்ட நாளிலிருந்து இதே தலைவலிதான். கடையநல்லூர் மசூதை மட்டும் விரட்ட மனசு வரவில்லை.

துபாயிலிருந்து வந்த கையோடு பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்றை வாங்கி, புனலூர் சந்தைக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தான். விடியுமுன் மலையேறி முதலில் வந்து நிற்கிற வண்டிக்குத்தான் இனி நிரந்தர லோடு என்று அங்குள்ள வியாபாரி சொல்லிவிட்டாராம்.

"இந்த லோடு நெலச்சுட்டா நான் துபாய்க்குத் திரும்பப் போவாண்டாம் அண்ணாச்சி. பிள்ளையளோட இங்கனயே இருந்துருவேன்."

"வண்டி கேக்கியா, ராக்கெட்டு கேக்கியா?" என்றேன். சிரித்தான். நகரவில்லை.

செய்து கொடுத்தேன். இஞ்சின் ஹெட்டைச் சீவி, கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டு, டைமிங்கை முன்னால் தள்ளினேன். இப்படி முறுக்கிவிட்ட இஞ்சின் சீக்கிரம் கொதிக்கும். அதனால் கழித்துப்போட்ட லாரியிலிருந்து ஒரு சூட்டு மீட்டரைக் கழற்றி ஸ்டியரிங் பக்கத்தில் பொருத்தினேன்.

"முள்ளு செவப்பத் தொட்டா நிப்பாட்டிரு. லோடு அழுகினாலும் பரவாயில்ல."

ஐந்தருவி ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். சாரல் நனைத்த ரோட்டில் வண்டி துள்ளிக்கொண்டு ஏறியது. முள் நடுவிலேயே நின்றது. மசூதின் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஆயுத பூசை. பட்டறையில் இருந்த எல்லாவற்றுக்கும் என் மனைவி நாச்சியார் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஸ்பானருக்கு வைத்தாள், ஜாக்கிக்கு வைத்தாள், நின்ற வண்டிகளுக்கெல்லாம் வைத்தாள். சாயங்காலம் மசூது வந்து, அவள் கொடுத்த பொரியையும் வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துப் போனான்.

அந்த வாரமே புளியரை ஏற்றத்தில் இஞ்சின் கொதித்து, இறுகி நின்றுவிட்டது. லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். பிஸ்டன் உருகி, பிளாக்கெல்லாம் கீறிக் கிடந்தது. டிரைவர் சீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மீட்டர் கண்ணாடியில் காய்ந்த சந்தனப் பொட்டு, சரியாகச் சிவப்பு இருக்கிற இடத்தில்.

"இதத் தொடச்சிருக்கலாம்லா மசூது?"

"மதினி கும்பிட்டு வச்சதுல்லா அண்ணாச்சி. நான் எப்படி அழிக்க?" என்றான். "முள்ளு பொட்டுக்குள்ள போச்சு. திரும்ப வந்துரும்னு பாத்துக்கிட்டே ஏறிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்ட? பொட்டு வைத்தவள்மேல் காட்டுவதா, அதை மதித்தவன்மேல் காட்டுவதா? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கீறலைக் கடைந்து சரிசெய்ய பிளாக் மதுரைக்குப் போனது. அதற்காகப் புனலூர் வியாபாரி காத்திருப்பாரா? லோடு வேறொருவனுக்குப் போனது. மசூது பழைய கம்பெனிக்கே எழுதிப்போட்டு, விசா வந்ததும் விமானம் ஏறினான்.

பிளாக் வந்தபிறகு இஞ்சினைப் பூட்டினேன். இந்தத் தடவை முறுக்கவில்லை. ஓடினால் போதும் என்று வைத்தேன். சொல்லியனுப்பியதும் மசூதின் மனைவி நூர்நிஷா பஸ் ஏறி வந்தாள். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "அமத்திருங்க அண்ணாச்சி" என்றாள். "வித்துருங்க. எங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டாம்."

"ஏம்மா?"

"தெருவுல இந்தச் சத்தம் கேட்டா, வாப்பா வந்துட்டாவன்னு பிள்ளையள் வாசலுக்கு ஓடிரும்."