மூன்று நாள் அடுப்பு மூட்டாமல்

கொதிக்கக் கொதிக்க இருந்த காப்பி அண்டாவைப் பக்கத்து வீட்டு யசோதா கொண்டுவந்து சமையல் மேடையின் நடுவில் இறக்கினாள். முந்தின நாள் நெஞ்சுவலியில் போய்விட்ட பெர்னதெத் முன்னறையில் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தாள். அவள் புருஷன் சிரில் அங்கே உட்கார முடியாமல் சமையலறையில் வந்து ஒதுங்கி நின்றான்.

தொம்மலூரில் சிரில் என்றால் கல் மேஸ்திரி. கன்டோன்மென்ட் பங்களாக்களில் சமையல் மேடைக்குக் கடப்பைக் கல் பதித்து, இரண்டு கல் சேரும் ஜாயின்ட்டை அடைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அதில் அவனுக்குத் தலைக்கனமும் உண்டு.

அவன் மேடை போட்டுக் கொடுத்த பங்களா ஒன்றிலிருந்து துக்கம் கேட்க வந்த டோரீன் டீச்சரும் அதைத்தான் சொன்னாள். "எங்க கிச்சன்ல இத்தனை வருஷமா ஒரு எறும்பு வந்ததில்ல. வீட்லயே மேஸ்திரி. பெர்னதெத் குடுத்து வெச்சவ."

"அக்காவும் சொல்லும்," என்றாள் யசோதா. "எங்க வூட்டுக்காரரு போட்ட ஜாயின்ட்டு, சொட்டுத் தண்ணி எறங்காதுன்னு."

சிரில் தலையை ஆட்டி வைத்தான். ஐம்பத்தெட்டாம் வருஷம், வேலையில் மிச்சம் விழுந்த இரண்டு கல்லைத் தன் வீட்டு மேடையில் போட்டு, நடுவில் வெறும் மணலும் சுண்ணாம்பும் திணித்துவிட்டு ஓடியவன்தானே இந்தப் பெரிய மேஸ்திரி. தண்ணீர் ஒழுகியது. "ஒழுங்கா போட்டுக் குடுங்களேன்" என்று பெர்னதெத் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "சிமென்ட் காய மூணு நாள் ஆவும். அடுப்பு மூட்டாம மூணு நாள் பட்டினி கெடப்பியா?" பிறகு அவள் கேட்பதை விட்டாள். ஒழுகலும் நின்றது. அழுக்கு சேர்ந்து தானாக அடைத்துக்கொண்டது என்று அவன் நிம்மதியாக இருந்துவிட்டான்.

"இது என்ன, என் ஷூவுல?" என்றாள் டீச்சர்.

அண்டாவின் சூட்டில் ஜாயின்ட் உருகி, மேடையிலிருந்து கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மெழுகு வாசம் அடித்தது.

மகள் பவுலின் துணியோடு குனிந்தாள். அப்பாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். "மெழுகுவர்த்தி சாஞ்சிருக்கும், டீச்சர். நான் தொடைக்கிறேன்."



அடக்கம் முடிந்து திரும்பியதும் பவுலினே சொன்னாள். "மாதா கோயில்ல எரிஞ்சு மிஞ்சின மெழுகுவர்த்தித் துண்டெல்லாம் அம்மா கேட்டு வாங்கிட்டு வரும். கல்லு நெறம் வர்றதுக்குக் கரித்தூள் கலந்து, உருக்கி ஜாயின்ட்டுல ஊத்தும். உங்களுக்குத் தெரிய வேணாம்னு சொல்லும்." பிறகு சேலையை மாற்றப் போகையில், "மூணு நாளைக்கு அடுப்பு மூட்ட மாட்டோம்பா. யசோதா அக்கா சோறு கொண்டாரும்" என்றாள்.

அவள் துக்க வீட்டு வழக்கத்தைத்தான் சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்றது. வெட்கத்தில் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சட்டையைக் கழற்றிவிட்டு உளியை எடுத்து மெழுகைச் சுரண்டினான். நாடா மாதிரி நீளமாக வந்தது. குப்பையில் போட மனசு வராமல் ஒரு தட்டில் வைத்தான். சிமென்ட்டைக் குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தான். எந்தப் பங்களாவிலும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. மேலே ஈரச் சாக்கு விரித்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் யசோதா சோற்றுப் பானையோடு நேராக மேடைக்குப் போனாள்.

"கீழ வைம்மா. ஜாயின்ட்டு ஈரமா இருக்கு."

"அதுக்கு என்ன கேடு, மேஸ்திரி? சொட்டுத் தண்ணி எறங்காதுன்னு அக்கா சொல்லுமே."

பவுலின் ஏதோ சொல்ல வந்தாள். சிரில் முந்திக்கொண்டான்.

"அவ எனக்காகச் சொன்னதும்மா. ஒழுங்கா இன்னிக்குத்தான் போட்டேன்."

யசோதா பானையைத் தரையில் வைத்தாள். சாக்கின் ஓரம் காய்ந்திருந்த இடத்தில் சிரில் ஒரு கை தண்ணீர் தெளித்தான்.