சந்தனம் பூசிய லொத்தர்ச் சீட்டு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். பாரிஸில், லா சப்பல் மெட்ரோவுக்குக் கிட்ட உள்ள சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், வேலை செய்பவர்கள் சாப்பிடும் சின்ன அறை அது. சமையலுக்குப் பொறுப்பான இராஜதுரை, குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த இரண்டு அரிசி மூட்டைகளின் மேல் இருந்தார். பரிமாறும் கனகசுந்தரம் அறையிலிருந்த ஒரே கதிரையில். காசுமேசையில் நிற்கும் மிருணாளினி மடிக்கணினியோடு அவருக்கு எதிரே, கவிழ்த்து வைத்த எண்ணெய் வாளியில். வடையும் ரோல்ஸும் போடும் கலாவதி கதவோரம், தக்காளிப் பெட்டியின் விளிம்பில்; எழும்பிப் போய்விடத் தோதான இடம். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணி. பின்னேரச் சனம் வரும்வரை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

நான்கு பேரும் சேர்ந்து வாரம் ஒரு லொத்தர்ச் சீட்டு எடுப்பது இரண்டு வருடப் பழக்கம். எடுப்பதும் வைத்திருப்பதும் கலாவதி. புதன்கிழமை எடுத்த கையோடு முன்பக்கத்தைப் படம் பிடித்து நால்வரின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவாள். பின்பக்கத்தில் பெயர் எழுதுவதில்லை. யாருடைய பெயரை எழுதுவது என்று தொடக்கத்திலேயே ஒரு இழுபறி வந்து, ஒருவருடைய பெயரும் வேண்டாம் என்று முடிந்திருந்தது.

போன சனிக்கிழமை காலை, சீட்டைக் கடையில் காட்டிவிட்டு, 'ஒண்டும் விழேல்லை' என்று கலாவதி குழுவில் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை புறநகரான கார்ஜ் லே கொனெஸில் வீட்டில் சும்மா இருந்த இராஜதுரை, படத்திலிருந்த எண்களை வெள்ளி இரவுக் குலுக்கலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஐந்து எண்கள் பொருந்தின. நாலாகப் பிரித்தாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு வருடச் சம்பளத்துக்குக் குறையாது. மூன்று தரம் பார்த்த பிறகு ஒரு வரி எழுதினார்: 'கலாவதி, சீட்டு எங்கை?'

அதற்குப் பிறகு அவளோடு யாரும் சரியாகக் கதைக்கவில்லை. திங்கட்கிழமை முழுக்க எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் அவள் தனியாகவே நின்றாள். காசு போனால் போகட்டும் என்று அவளால் நினைக்க முடிந்தது. ஒன்பது வருடமாக ஒரே சட்டியில் சோறு போட்டுச் சாப்பிட்ட மூன்று பேருக்கு முன்னால் கள்ளியாக எழும்பிப் போவதைத்தான் நினைக்க முடியவில்லை.

"சீட்டை மேசையிலை வை பிள்ளை," என்றார் இராஜதுரை.

கைப்பையிலிருந்து எடுத்து வைத்தாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். எண்கள் வேறு.

"இது எங்கடை சீட்டில்லையே," என்றார் இராஜதுரை.

"ஓம் அண்ணை. ஆனா அவன் தந்தது இதுதான். மடிச்சபடி பையுக்கை வைச்சிட்டன். உங்கடை மெசேஜ் வந்தாப் பிறகுதான் விரிச்சுப் பாத்தனான்."

"பையுக்கை கிடந்து நம்பரை மாத்திப்போட்டுது போலை," என்றார் கனகசுந்தரம்.

"கனகண்ணை, கொஞ்சம் சும்மா இருங்கோ," என்றாள் மிருணாளினி.

இராஜதுரை விடவில்லை. "ஆர் அவன்?"

"மூலையிலை சிகரெட்டும் லொத்தரும் விக்கிற தபாக் கடையிலை நிக்கிற டேமியன்."

"உனக்கு முன்னாலைதானே மெசினிலை போட்டவன்? ஸ்கிறீன் எங்கடை பக்கம் பாத்துத்தானே நிக்கும். அதிலை என்ன காட்டினது?"

கலாவதி தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்லாமல் தப்பலாம் என்றுதான் இரண்டு நாளும் நினைத்திருந்தாள்.

"ஸ்கிறீனிலை பாக்கேல்லை. அவன் சீட்டை உள்ளுக்குக் கொண்டு போனவன்."

"ஏன் விட்டனீ?"

சொன்னாள். சனிக்கிழமை பத்து மணிக்குச் சற்று முன்பு. டேமியன் சீட்டை மெசினுக்குக் கீழே பிடித்தான், மெசின் வாசிக்கவில்லை. திரும்பப் பிடித்தான், அப்போதும் இல்லை. சீட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, இதென்ன மஞ்சளாய் ஒரு ஊத்தை என்று கேட்டான். பிறகு மணந்தும் பார்த்தான். வரிசையில் பின்னால் நின்ற ஒருவன் கறியா என்று கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். துடைத்துக்கொண்டு வருகிறேன் என்று டேமியன் உள் அறைக்குப் போனான். இங்கேயே துடையுங்கள் என்று சொல்ல அவளுக்குப் பிரெஞ்சு தெரியும். அந்தச் சிரிப்புக்குள் வாய் திறக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் அவன் வந்து, 'பெர்தூ மடாம்', ஒன்றும் விழவில்லை, என்று மடித்த சீட்டை நீட்டினான். வாங்கிக்கொண்டு விறுவிறு என்று வெளியே வந்துவிட்டாள்.

"என்ன மஞ்சள் அது?" என்று கேட்டார் கனகசுந்தரம்.

"சந்தனம்."

இராஜதுரை தலையைத் தூக்கினார். இரண்டு வருடமாக ஒரு சதம் விழவில்லையே என்ற கதை வந்தபோது, கலியாணக் கடிதத்துக்கே நாலு மூலையிலும் சந்தனம் வைத்துத்தானே கொடுக்கிறோம், இதையும் கோயிலில் வைத்து எடு என்று சொன்னவர் அவர்தான். வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டில் வைத்து எடுத்து, கலாவதி நாலு மூலையிலும் நன்றாகவே பூசியிருந்தாள். கீழ் மூலையில்தான் மெசின் வாசிக்கும் கறுப்புக் கோடுகள் இருந்தன.

மிருணாளினி போனில் சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் மிருணாளினி, "விழுந்த சீட்டெண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்? துடைச்சுப்போட்டு எங்கையோ ஒரு மெசினிலை வாசிச்சுத்தானே பாத்திருப்பான். அப்ப சனிக்கிழமை பத்து மணிக்கு எங்கடை சீட்டு அந்தக் கடையிலை ஓடினதெண்டு லொத்தர் அலுவலகத்திலை பதிவு இருக்கலாம். சீட்டின்ரை நீள நம்பர் படத்திலை தெளிவாய்க் கிடக்கு. ஒருத்தரும் காசு எடுக்க முன்னம் மறிக்கச் சொல்லி ரெக்கொமாண்டேயிலை, பதிவுத் தபாலிலை, ஒரு கடிதம் போடுவம். பொலிசிலையும் முறைப்பாடு குடுப்பம்."

"கள்ளன் எண்டு நல்லாய் எழுது," என்றார் கனகசுந்தரம்.

"நடந்ததை மட்டும் எழுதுவம். கள்ளனோ இல்லையோ எண்டு அவை பாக்கட்டும்."

தட்டச்சுச் செய்யத் தொடங்கினாள். எடுத்த நாள், நேரம், கடை, கலாவதியின் வங்கி அட்டையில் காசு கழிந்த விவரம் எல்லாம் வரிசையாக வந்தன. மெசின் ஏன் வாசிக்கவில்லை என்ற இடத்தில் நின்றாள்.

"கோப்பி ஊத்துண்டது எண்டு போடு," என்றார் இராஜதுரை. "சந்தனம் எண்டால் வாசிக்கிறவன் சிரிப்பான்."

"அவங்கள் முதலே சிரிச்சிட்டாங்கள் அண்ணை," என்றாள் கலாவதி. குரல் உயரவில்லை. "அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் சீட்டைக் கையாலை விட்டனான். திரும்பவும் அதுக்குப் பயந்து பொய் எழுதினா, நாளைக்குச் சீட்டு அகப்பட்டு அதிலை சந்தனம் இருக்கேக்கை, கோப்பியைக் குடிச்சது ஆரெண்டு கேப்பாங்கள். மிச்சம் சொன்னதையும் நம்பமாட்டாங்கள். சந்தனம் எண்டே போடு மிருணா. பின்னாலை பேர் எழுதேல்லை எண்டதையும் போடு. கண்ணுக்கு முன்னாலை இருந்து கொண்டுபோக விட்டனான் எண்டதையும் போடு."

மிருணாளினி, சந்தன மரத்தை அரைத்த பசை, எங்கள் வழிபாட்டில் பூசுவது என்று பிரெஞ்சில் எழுதி வாசித்துக் காட்டினாள்.

இராஜதுரை அரிசி மூட்டையிலிருந்து இறங்கினார். "அதுக்குக் கீழை இன்னொரு வரி. சந்தனம் வைக்கச் சொன்னது இராஜதுரை எண்டு."

"அது தேவையில்லை அண்ணை," என்றாள் மிருணாளினி.

"போடு. நான் சொல்லித்தான் செய்தவள். பிழைக்கு அவள் மட்டும் தனிய நிக்கக்கூடாது."

கலாவதி தக்காளிப் பெட்டியின் விளிம்பை விட்டு வந்து மேசையோரம் நின்றாள்.

"அப்ப என்ரை பேரையும் எங்கையாவது செருகு," என்றார் கனகசுந்தரம். "ஒருத்தற்றை பேரும் வேண்டாம் எண்டு கத்தினது நான்தான். இனி எடுக்கிற சீட்டின்ரை முதுகிலை நாலு பேரின்ரை பேரும், அங்கையே நிண்டு எழுதவேணும். படமும் ரெண்டு பக்கமும்."

"போனிலை நாங்களே பாத்துப்போட்டுத்தான் கடைக்குப் போகவேணும்," என்றாள் மிருணாளினி. "ஸ்கிறீனை ஆர் மறைச்சாலும் தள்ளச் சொல்லவேணும்."

"சந்தனம்?" என்று கேட்டாள் கலாவதி.

இராஜதுரை யோசித்தார். "சாமியைக் கும்பிட்டால் காணும், பூசத் தேவையில்லை."

கடை அச்சுப்பொறியில் இரண்டு பிரதி எடுத்தார்கள். இராஜதுரை பேனையைக் கலாவதியிடம் நீட்டினார். அவள் முதலில் கையெழுத்துப் போட்டாள். அடுத்து அவர், பிறகு மற்ற இருவரும். சீட்டின் படம், டேமியன் கொடுத்த சீட்டின் பிரதி, வங்கிக் கணக்கின் பக்கம் மூன்றையும் கடிதத்தோடு மடித்து உறையில் வைத்தார்கள். டேமியன் கொடுத்த சீட்டைப் பொலிசில் காட்டவென்று மிருணாளினி எடுத்து வைத்துக்கொண்டாள். கலாவதி உறையின் பசைத்தாளை உரித்து, நகத்தால் நீவி ஒட்டினாள்.

"போஸ்ற் பூட்ட முன்னம் போவம், வா," என்றார் இராஜதுரை. சமையல் அங்கியைக்கூடக் கழற்றவில்லை.

தபாலகத்தில் வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். அவர்கள் முறை வந்ததும், கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் உறையை நிறுத்து, பதிவுத் தாளை ஒட்டினாள். அனுப்புபவர் யார் என்று கேட்டாள். நாங்கள் நாலு பேர் என்றாள் கலாவதி. படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. கலாவதி இராஜதுரையைப் பார்த்தாள்.

"உன்ரை பேரைப் போடு பிள்ளை," என்றார் அவர்.

எழுதிக் கொடுத்தாள். பெண் முத்திரையைக் குத்தி, பற்றுச்சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டு, கடிதத்தைப் பின்னாலிருந்த மஞ்சள் பெட்டிக்குள் போட்டாள்.