கினியாப் புல்லுக்குள்ளிருந்து வந்த அளவுகள்

பிளாஸ்க் மூடியில் ஊற்றிய தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார் என் கணவர்.

"சர்க்கரையே போடலியா?"

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"அந்த ஆளு வீட்டுல எறும்புகூடப் பட்டினிதான் போல."

"தலை நரைச்சாலும் நாக்குக்கு மட்டும் வயசாகல உங்களுக்கு. போய் வேலையைப் பாருங்க."

மூடியை என் கையில் திணித்துவிட்டுப் புல்லுக்குள் நுழைந்தார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

அவருக்குச் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் நிலையத்தில் வேலை. அளவெடுக்கப் போகும்போது நானும் உடன் போவேன். அன்று காலை போனது மூடிக்கிடந்த ஓர் ஆலையின் பின்புறம். கினியாப் புல் ஆளுயரத்தைத் தாண்டித் தூர் தூராக மண்டி நின்றது. அவர் உள்ளிருந்து அளவைக் கூவுவார். நான் விளிம்பில் நின்று அதைத் திருப்பிச் சொல்வேன். அவர் "சரி" என்ற பிறகுதான் எழுத வேண்டும். அந்தச் "சரி" வராவிட்டால் நான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பாம்புக்குப் பயந்து அவரே போட்ட விதி அது.

"உயரம் ரெண்டு மீட்டர் நாப்பது!"

"ரெண்டு மீட்டர் நாப்பது."

"சரி" வரவில்லை.

"ரொம்பத்தான்!" என்று உள்ளே கேட்கும்படி சொல்லிவிட்டு எழுதினேன். சிறிது நேரம் கழித்து, இன்னும் ஆழத்திலிருந்து குரல் வந்தது.

"கணுவுல ரோமம் அடர்த்தி."

"இலை அகலம் இருபத்தெட்டு மில்லி. நடு நரம்பு வெள்ளை."

"கதிரோட கீழ்க் கிளைங்க ஒரே இடத்துலேருந்து வட்டமாப் பிரியுது."

"விதை மணி மூணு மில்லி. உள் உமியில குறுக்குச் சுருக்கம்."

ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். ஒன்றுக்கும் "சரி" இல்லை. காற்றும் இல்லை, ஒரு கதிர்கூட அசையவில்லை. அந்தக் குரல் எங்குமே மூச்சு வாங்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இருபது நிமிடத்தில் பக்கம் நிறைந்தது. "போதும், வெளிய வாங்க" என்று சொல்லி உள்ளே போனேன்.

பத்தடிகூட இல்லை. முதல் தூரின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தார். அளவு நாடா இரண்டு மீட்டர் நாற்பதில் நின்றிருந்தது. கத்தி மடித்தபடி இருந்தது. பூதக்கண்ணாடி உறைக்குள்ளும், உறை சட்டைப் பைக்குள்ளும் இருந்தன. அது இல்லாமல் உமியின் சுருக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது.

"மாரடைப்பும்மா. விழுந்ததுமே நினைவு போயிருக்கும். ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது" என்றார் மருத்துவமனையில் இருந்த டாக்டர்.

"அப்பவே பார்த்திருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிழைச்சிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

என் கணவருடன் வேலை பார்த்தவர் அதே தூரிலிருந்து இலையும் கதிருமாக ஒரு தண்டை வெட்டிவந்து, என் நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எதுவும் பிசகவில்லை.

"அண்ணன் அளந்தா தப்பு வருமா, அண்ணி?"

நான் நோட்டை வாங்கி மூடினேன். அவர் தண்டைத் தாளில் ஒட்டி, சேகரித்தவர் என்ற இடத்தில் என் கணவரின் பெயரை எழுதினார்.

மாதம் ஒருமுறை நிலையத்துக்குப் போகிறேன். அலமாரியைத் திறந்துவிட்டு அந்தச் சக ஊழியர் நாகரிகமாக வெளியே போய்விடுவார். நோட்டிலுள்ள அளவுகளை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு ஒரு "சரி"க்காகக் காத்திருப்பேன். பிறகு அந்த இலையைத் தொடுவேன். அடியிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுவழுப்பாக இருக்கிறது. நுனியிலிருந்து அடிக்குத் தடவினால் விரலை அறுக்கிறது.