காயில்காரரும் செம்பு வளையல்களும்

பட்டறை வாசற்படியிலிருந்து மனைவியின் மேஜை பதினோரு அடி. அதை நடந்து கடக்க, மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் காயில்காரருக்குப் பத்தொன்பது மணி நேரமும் நாற்பது நிமிடமும் ஆனது. காலில் ஒரு குறையும் இல்லை. அதைவிட வேகமாக வந்தால் மனைவி அவரைத் தள்ளிவிடுவாள். கையால் அல்ல, கை இரண்டும் மடியில்தான் இருக்கும்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு மோட்டார். வெளியூர் ஆலை மேலாளர் ஒருவர் அதைக் கொண்டுவந்து இறக்கி, புதுக் காயில் கட்டி ஓட்டிக் காட்டினால் ஆலையில் மூன்று வருட வேலை, தங்க இடம் ஓர் ஆளுக்கு மட்டும் என்று சொல்லிப் போனார். காயில்காரர் ஒரு வாரம் சோறு தண்ணீர் மறந்து கட்டினார். நூல் கட்டுவதும் வார்னிஷ் ஊற்றுவதும் மனைவியின் வேலை. கம்பி முனைகளைச் சேர்ப்பது அவர் வேலை. பதினாறு வருடமாக அதில் வேறு கை பட்டதில்லை. மேலாளர் வந்தார், ஸ்விட்ச் போட்டார்கள். மோட்டார் சுற்றவில்லை. முனகியது, நடுங்கியது, பிறகு புகைந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு கட்டின் இரண்டு முனைகளும் இடம் மாறியிருந்தன. அதில் மட்டும் மின்சாரம் மற்ற கட்டுகளுக்கு எதிர்த்திசையில் ஓடியிருக்கிறது. முதல் மாதம் வேலைக்கு வந்தவன்கூடச் செய்யாத தப்பு. மேலாளர் மரியாதையானவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, வயசானா கை தடுமாறத்தான் செய்யும் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். காயில்காரருக்கு நாற்பத்தொரு வயது. அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அதன் பிறகு கம்பியைத் தொடவில்லை.

மறுநாள் காலை அவர் காந்தமாக எழுந்தார். தலைமாட்டில் இருந்த கத்தரிக்கோல் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்தது. இதைக் காட்டலாம் என்று மனைவியிடம் விரைந்தார். நாலடி தூரத்தில் காற்றில் முட்டிக்கொண்டு நின்றார். முதல் ஓட்டத்திலேயே ஓடிய ஒவ்வொரு மோட்டாரிலும் மிஞ்சிய கம்பியை அவள் வளையலாக வளைத்து, முனையோடு முனை பற்றவைத்துப் போட்டுக்கொள்வது வழக்கம். இரண்டு கையிலும் முழங்கை வரை செம்பு. அவர் கிட்டே வந்தால் வளையல்களில் மின்சாரம் ஒரு பக்கமாக ஓடி அவரைத் தள்ளியது. விலகிப் போனால் மறுபக்கமாக ஓடி இழுத்தது. சும்மா நின்றால் ஒன்றும் இல்லை. ஆக, வந்தால் போ என்றது, போனால் வா என்றது. இதைக் கேட்ட எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை.

"இதுக்குக் கரண்டு வேற எதுக்கு? எங்க வீட்ல சும்மாவே அப்படித்தான்."

காயில்காரரின் அக்கா கேள்விப்பட்டு வந்தாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தம்பியின் முதுகில் இரண்டு கையையும் வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். எவ்வளவு வேகமாகத் தள்ளினாளோ அவ்வளவு வேகமாக இரண்டு பேரும் தெருவில் போய் உட்கார்ந்தார்கள். மேஜைக்குப் பின்னால் வளையல்கள் சுட்டன. அக்கா எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, அந்தத் தகரத்தை எல்லாம் பிளேயரால் வெட்டி எறியச் சொன்னாள்.

"ஓடின மோட்டாருங்க அண்ணி. வெட்ட மாட்டேன்."

இரண்டாவது வாரத்தில் தெரு பழகிவிட்டது. தையல்காரம்மா தொலைந்த ஊசிகளைத் தேட அவரை இரவல் வாங்கிப்போய், சட்டையிலிருந்து ஏழு பொறுக்கினாள். அவற்றில் இரண்டு அவளுடையவை அல்ல. காயில்காரரோ அடுத்த ஊர் கிடங்கு ஒன்றில் காவலாள் வேலை தேடிப் பிடித்தார். கம்பி இல்லாத வேலை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். ஒவ்வோர் அடியிலும் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடிப்பது போலிருந்தது. நடத்துனர் மூன்று முறை விசில் ஊதிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். திரும்பும்போது இடுப்பு ஒடிந்து எறும்பு போல ஊர்ந்து வந்தவரை எதுவும் தடுக்கவில்லை. அதை முதலில் கவனித்தவள் மனைவிதான். வேகம் இருந்தால்தான் மின்சாரம். மெதுவாக வருபவரைத் தள்ளாத வளையல், மெதுவாகப் போகிறவரையும் பிடிக்காது. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு, தோளில் பையோடு அவர் வாசற்படியில் நின்றார். கண்ணுக்கு அவர் அசையவே இல்லை. வருகிறாரா போகிறாரா என்று தெருவில் இரண்டு கட்சி ஆனது. அக்கா வருகிறான் கட்சி. தையல்காரம்மா, பை இருப்பதால், போகிற கட்சி. மனைவி நூறு சுற்றில் ஒரு காயில் சுற்றிச் சுவரில் மாட்டி, நடுவில் பூஜ்யம் உள்ள மீட்டரோடு இணைத்தாள். வந்தால் முள் இடப்பக்கம், போனால் வலப்பக்கம். முள் மயிரிழை அளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவள் அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். மாலை ஐந்து மணிக்கு அது சட்டென்று வலப்பக்கம் பாய்ந்தபோது அவள் எழுந்துவிட்டாள். அவர் தும்மியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு முள் பூஜ்யத்தில் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஒரு சாண் தூரத்தில் இருந்தார். சவரம் செய்யாத முகம், சட்டை நிறையத் திருகாணி. தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. இப்படியே மெதுவாகத் திரும்பினால் சனிக்கிழமைக்குள் தெருவைத் தாண்டிவிடுவார் என்று அவள் கணக்குப் போட்டாள். வாசலில் அக்காவும் தையல்காரம்மாவும் நின்றார்கள்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றார் காயில்காரர், உதடு அதிகம் அசையாமல். "என் கை எந்த இடத்துல தப்பு பண்ணுச்சு? நீ பக்கத்துலதான இருந்த."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடையவோ போல. அந்தக் கைகளோடுதான் அவர் கிடங்கு வாசலில் ஆயுசு முழுக்க உட்காரப்போகிறார். உண்மை தெரிந்தால் கிடங்குக்குப் போகமாட்டார். நேராக அந்த ஆலைக்கே போனாலும் போவார், மூன்று வருடம். அவள் மீட்டரின் பக்கம் திரும்பவில்லை.

"உங்க கை தப்பு பண்ணலீங்க," என்றாள். "நீங்க குளிக்கப் போனப்ப, மூணாவது கட்டோட முனைய மாத்திச் சேத்தது நான்தான்."