இன்ஜினில் கட்டிய சிவப்புக் கயிறு

படகு ஓடுகிற அளவுக்கு எங்கள் பக்கம் தண்ணீர் நிற்பதே அபூர்வம். அப்படிப்பட்ட ஊரில் போட் இன்ஜினைப் பிரித்துப் போட்டு வேகம் ஏற்றியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெயர் பலவேசம். ஏழாயிரம்பண்ணை ரோட்டில் மெக்கானிக் கடை. பம்புசெட், ஜெனரேட்டர், மொபெட் எது வந்தாலும் பார்ப்பேன். பிளக்கைத் துடைக்காமல் வண்டியைக் கொண்டுவந்தால் போலீஸ்காரராக இருந்தாலும் சத்தம் போட்டுவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவேன். கடை வாசலில் வசவு வாங்காத ஆள் ஊரில் குறைவு.

போன மழைக்குக் கண்மாய் நிறைந்து மறுகால் போனது. அதைப் பார்த்ததும் பட்டாசுக் கம்பெனியின் இளைய முதலாளி ஸ்ரீராம்குமாருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. வடக்கேயிருந்து வரும் வியாபாரிகளுக்குத் தண்ணீர் நடுவில் வாணவேடிக்கை காட்ட வேண்டும். பிளாஸ்டிக் டிரம்களைச் சேர்த்துக் கட்டி மிதவை தயாரானது. தூத்துக்குடியில் பழைய ஃபைபர் படகு ஒன்றும் எட்டு எச்பி இன்ஜின் ஒன்றும் வாங்கினார். ஓர் ஆள் படகில் போய், மிதவையில் திரியைப் பற்றவைத்துவிட்டு, கரைக்குத் திரும்ப வேண்டும்.

அந்த ஆளின் பெயர் ஊர்க்காவலன். இருபத்திரண்டு வருஷமாகக் கம்பெனியின் வெடிமருந்து அறையில் வேலை பார்த்து, உடம்பில் ஒரு தழும்புகூட இல்லாதவன். அவனுடைய பயம்தான் அவனைக் காப்பாற்றியது என்பேன். வேலைக்குப் போகும்போது மோதிரம் கிடையாது, பெல்ட் கிடையாது. அவன் மனைவி சின்னத்தாய் கோயிலில் வாங்கி வரும் காப்புக் கயிற்றைக்கூட, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்று, கையில் கட்ட விடமாட்டான். அவள் அதைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டிவிடுவாள். வருஷா வருஷம் கட்டிக் கட்டி அந்த ஹேண்டில்பார் முழுக்க வெளுத்துப்போன கயிறுதான்.

முதல் நாள் சோதனையில் தொண்ணூறு விநாடித் திரி வைத்தார்கள். வெடி ஏற்றாமல் வெறும் திரி மட்டும். ஊர்க்காவலன் பற்றவைத்துவிட்டுப் படகைத் திருப்பினான். இன்ஜின் புகையைக் கக்கிக்கொண்டு இருமியது. அவன் கரையைத் தொட்டபோது எண்பத்து மூன்று.

"எருமை நீந்துற மாதிரி இருக்கு. ஆளு சீறிக்கிட்டு வரணும். வீடியோவுல அதுதான் நிக்கும். இதுக்கு என்ன பண்ணலாம், பலவேசம்?" என்றார் ஸ்ரீராம்குமார்.

"ஏழு விநாடிதான் மிச்சம் இருக்கு, மொதலாளி. எனக்கும் வேகம் வேணும்" என்றான் ஊர்க்காவலன். அவனுக்கு வேறு காரணம்.

"மூணு நாளு குடுங்க" என்றேன்.

அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்கப் போவதில்லை. கார்புரேட்டரில் பாசி மாதிரி பிடித்திருந்த கசடை எடுத்தேன். ஆக்சிலேட்டர் முழுசாகத் திறக்கவிடாமல் உள்ளே ஒரு தடை வைத்திருந்தார்கள். ஒரே இன்ஜினைத்தான் சின்னதென்றும் பெரியதென்றும் இரண்டு பெயரில் விற்கிறார்கள். அந்தத் தடைதான் வித்தியாசம். அதைக் கழற்றி எறிந்தேன். தண்ணீருக்குள் சுழலும் விசிறியின் இதழ் நெளிந்திருந்தது. தூத்துக்குடியிலிருந்து வேறு விசிறி வரவழைத்தேன். இன்ஜின் தண்ணீரில் அளவுக்கு மீறி இறங்கியிருந்தது. பலகை வைத்து ஓர் அங்குலம் தூக்கினேன். பிறகு ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை இழுத்தேன். கண்மாய்க் கரையில் இருந்த கொக்கெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தது.

இருபத்தாறு விநாடியில் ஊர்க்காவலன் கரைக்கு வந்துவிட்டான். படகின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தது. இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னைக்குத்தான்ணே நிம்மதியாத் தூங்குவேன். அறுபது விநாடிக்கு மேல மிச்சம்."

ஸ்ரீராம்குமார் கைதட்டினார். பிறகு செல்போனில் கணக்குப் பார்த்துவிட்டு, "அப்ப எதுக்கு அம்புட்டு நேரம் சும்மா காத்துக்கெடக்கணும்? வந்தவங்க கொட்டாவி விடுவாங்க. திரிய நாப்பதாக் கொறச்சிருங்க" என்றார்.

ஊர்க்காவலனின் முகம் மாறியதைப் பார்த்தேன். நான் அவனுக்குச் சம்பாதித்துக் கொடுத்த நேரத்தை முதலாளி ஒரே வாய்ச்சொல்லில் எடுத்துக்கொண்டார். அப்போது நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. என் இன்ஜினை எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

வேடிக்கை நாள் சாயங்காலம், வியாபாரிகள் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காற்று இல்லை. பறவைச் சத்தமும் இல்லை. எங்கே போயின என்று தெரியவில்லை. மிதவையில் பெரிய குழாய்களை அடுக்கித் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். ஊர்க்காவலன் படகில் ஏறியதும் இன்ஜினிலிருந்து சுருள்சுருளாகத் தொங்கிய சிவப்புக் கயிற்றை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

சோதனை ஓட்டங்களில் அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. முந்தின நாள்தான், விசிறி கொடுத்த தூத்துக்குடிக்காரர் போனில் சொன்னார். அதன் ஒரு முனை இன்ஜின் பட்டனில் மாட்டியிருக்கும். மறுமுனையை ஓட்டுகிறவன் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

"விழுந்தா நிக்கும்லே. கையில மாட்டு" என்றேன்.

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "என்னண்ணே, திரியக் கையில கட்டிக்கிட்டு நெருப்பு வைக்கச் சொல்றீக?"

"திரி இல்லலே, கயிறு."

"பார்க்கத் திரியாத்தானண்ணே இருக்கு. கோயில் கயித்தையே சைக்கிள்லதான் கட்டிருக்கேன். இதையும் இஞ்சின்லயே கட்டிருங்க."

பின்னாலிருந்து முதலாளி, "என்னப்பா அங்க, நேரமாச்சு!" என்று கூப்பிட்டார். வந்தவர்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த முனையை இன்ஜின் கைப்பிடியிலேயே இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். இறுக்கமாகத்தான் போட்டேன். என் வேலையில் சோடை இருக்காது.

மிதவையில் தீப்பொறி தெரிந்தது. எண்ணத் தொடங்கினேன். ஐந்தில் அவன் படகுக்குள் குதித்தான். எட்டில் இன்ஜின் முழு வேகம் எடுத்தது. நாற்பது விநாடி என்ற பதற்றத்தில் ஒரேயடியாகத் திருப்பிவிட்டான். முன்பாரம் இல்லாத படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. பதினொன்றில் படகில் ஆள் இல்லை.

இன்ஜின் நிற்கவில்லை.

பிடிக்க ஆளில்லாத கைப்பிடி ஓர் ஓரமாகத் திரும்பிக்கொண்டது. படகு வட்டம் போட ஆரம்பித்தது. அந்த வட்டத்துக்குள் ஒரு தலை தெரிந்தது, ஒரு கை உயர்ந்தது. அவன் ஒரு பக்கம் நீந்தினால் படகு அந்தப் பக்கம் வந்தது. மறுபக்கம் திரும்பினால் அங்கேயும் வந்தது. நான் "ஏலே! ஏலே!" என்று கத்திக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியாது. இருந்தது ஒரே படகு. இன்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை. அவ்வளவு சுத்தமான சத்தம் அது.

நாற்பதில் முதல் குழாய் வெடித்தது. கண்மாய் பச்சை வெளிச்சமானது. கரையில் கைதட்டினார்கள். வெறும் படகு சுற்றுவதும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்தார்களாம். சிவப்பு, மஞ்சள், மறுபடியும் பச்சை. இரண்டாவது பச்சையில் பார்த்தபோது படகு மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்ரோல் தீரும்வரை சுற்றியது. டேங்கை நிரப்பியதும் நான்தான்.

ஆஸ்பத்திரியில் சின்னத்தாய் தலைமாட்டிலிருந்து மெதுவாகத் துணியை விலக்கி, அவன் முகத்தையும் கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் பயந்தது ஒன்றுக்குத்தான். "தீக்காயமே இல்லையே, ஒரு பொட்டுகூட இல்லையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். முதுகுப் பக்கம் பார்க்கவிடவில்லை.

பதினாறு நாள் கழித்துச் சின்னத்தாய் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தாள். கண்மாயிலிருந்து எடுத்த இன்ஜின் என் கடை மூலையில்தான் கிடந்தது. போலீஸ் வந்து எடுத்துப் போகும்வரை தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தச் செவத்த கயிறு எதுக்குண்ணே?"

சாவி மாட்டுகிற கயிறு என்று சொல்லியிருக்கலாம். போலீஸிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவளிடம் வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். கையில் மாட்டியிருந்தால் நின்றிருக்கும் என்றும், அவன் வேண்டாம் என்றான் என்றும், நான்தான் முடிச்சுப் போட்டேன் என்றும் சொன்னேன்.

அவள் ஹேண்டில்பாரில் இருந்த பழைய கயிறுகளைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"அவுகளுக்குக் கையில எது கட்டுனாலும் பயம். நான் சொன்னா கேக்க மாட்டாக. நீங்க ஒரு அதட்டு அதட்டிருக்கலாம்லண்ணே? பிளக்கத் தொடைக்கலன்னா ஊரையே கூட்டுற ஆளுதான நீங்க?"