பதினான்காம் எண்

இன்னும் மூன்றே நாள். சனிக்கிழமை அவருக்குத் தெரிந்திருக்கும்.

அலமாரியின் மூன்றாம் தட்டையும் கலைத்துவிட்டு லோகப்பிரியா மறுபடி முதல் தட்டிலிருந்து தேடினாள். கரை வேட்டி கையில் படவில்லை. ஹாலில் கணவர் கதிர்வேலைக் கிடத்தியிருந்தார்கள். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்தவர், கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் ஆம்புலன்ஸிலேயே அடங்கிவிட்டார்.

"அம்மணி, கெடைச்சுதா? கோபியில இருந்து சனமெல்லாம் வந்துருவாங்க." மாமியார் தெய்வாத்தாள் ஹாலிலிருந்து கேட்டாள்.

"பாத்துட்டு இருக்கறனுங்க அத்தை."

சனிக்கிழமைக்கென்று எடுத்து வைத்த பச்சைச் சேலைதான் திரும்பத் திரும்பக் கையில் வந்தது. அதை அடியில் தள்ளினாள்.

அவளும் கதிர்வேலும் ஒரே ஆய்வுச் சங்கத்தின் உறுப்பினர்கள். அவர் வாழை நோய் ஆய்வில் பெயர் பெற்றவர். அவள் மண் நுண்ணுயிர் ஆய்வை விட்டு ஒன்பது வருடம். "இனி எதுக்கு லோகு, ஊட்டைப் பாத்தாப் போதாதா?" என்று ஒருமுறை சொன்னார். அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூத்தவர்கள் கடிதம் எழுதி வழிகாட்டும் சங்கத் திட்டத்தில் அவரிடம் சொல்லாமல் சேர்ந்தாள். ஆறு மாதம் இரு பக்கமும் பெயர் கிடையாது, எண்தான். பதவியைப் பார்த்துப் பேசிவிடக் கூடாது என்று அப்படியொரு விதி. அவள் பதினான்கு. ஊர் மேட்டுப்பாளையம் என்று பொய் எழுதினாள்.

இரண்டாம் மாதம், உரித்த பூண்டோடு அவர் முதுகுக்குப் பின்னால் போனபோது, லேப்டாப்பில் 'அன்புள்ள பதினான்கு' என்றிருந்தது.

அவள் நிறுத்தவில்லை. விட்டுப்போன வருடங்களுக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள் என்று அவர் எழுதினார். மறுபடி ஆய்வில் சேர அவள் எழுதிய விண்ணப்பத்தை நான்கு முறை திருத்தினார். படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருக்கும். அந்தப் பதினான்கின் மேல் பொறாமையாகவும் இருக்கும்.

போன வாரக் கடிதத்தின் கடைசி வரி: 'இதை வீட்டில் சொல்லாமல் செய்கிறீர்கள் என்று தோன்றுகிறது. சொல்லிப் பாருங்கள்.'

மறுநாள் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "எங்கிட்டச் சொல்றதுக்கு ஏதாச்சு இருக்குதா லோகு?"

"ஒண்ணுமில்லீங்க."

தெரிந்துதான் கேட்டாரா?

தட்டை மறுபடி இழுத்தாள். வேட்டி கண்ணெதிரிலேயே இருந்தது.

ஹாலுக்கு வந்ததும் சங்கச் செயலாளர் அமீர் ஹம்சா எழுந்து நின்றார்.

"இப்பப் பேசறது தப்புதானுங்கம்மா. சனிக்கிழமை கூட்டத்தைத் தள்ளி வெச்சுட்டோம். காரியமெல்லாம் முடியட்டும். பேரு இருக்கற கவரைப் பிரிக்கிற கூட்டமுங்க அது. கதிரு ஒரு பொண்ணுக்கு வழிகாட்டிட்டு இருந்தாரு. யாருன்னு எனக்கே தெரியாது, கவரு ஒட்டுனபடி இருக்குது. அவரு எடத்துல நின்னு நீங்கதான் பிரிக்கோணும். அந்தப் பொண்ணுக்கு உங்க கையால ஒரு சால்வை போடோணும்."

தெய்வாத்தாள் மூக்கைச் சிந்தினாள். "பெத்தவகிட்ட நாலு வார்த்தை பேச மாட்டான். யாருக்கோ பக்கம் பக்கமா எழுதுனானாமா! போய்ட்டு வா கண்ணு. அது யாருன்னுதான் பாக்கலாம்."

லோகப்பிரியா வேட்டியின் மடிப்பை நீவினாள். நீவிய இடத்தையே மறுபடி நீவினாள்.

"நான் வர்லீங்கண்ணா."

"அந்தப் பொண்ணு காத்துட்டு இருக்குமேங்கம்மா."

அவள் குனிந்து, வேட்டியை அவருடைய கால்மாட்டில் வைத்தாள்.

"கவரு ஒட்டுனபடியே இருக்கட்டுமுங்க."