பின்சீட்டில் தரணி

சுந்தராபுரம் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் பைக்கின் ரேடியேட்டர் விசிறி சுற்றத் தொடங்குகிறது, சித்திரை வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து என் தொடைகளை வேகவைக்கின்றன, பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொடுகிறது, தரணியின் கை, நான்கு வருடம் என் கணவனாக இருந்தவன், போன வருடம் குடும்ப நீதிமன்றத்தில் யாரோவாகிப்போனவன், நியூட்ரல்ல போடுங்க, இப்படியே புடிச்சுட்டு நின்னா கிளட்ச் போயிருமுங்க என்கிறான், நான் போடவில்லை, போகட்டும், என் கிளட்ச். அவன் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னச் சீட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் நான் தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன், நேக்கட் பைக்குன்னா இப்படித்தான்டி இருக்கும், எஞ்சினுக்கு மூடி, புடிச்சுக்கக் கம்பியெல்லாம் இருக்காது, தோள்ல கை வெக்காத, பேலன்ஸ் போகுது என்பான், நான் காற்றைப் பிடித்துக்கொண்டு போவேன், ஒருநாள் இறங்கும்போது என் கெண்டைக்காலைச் சைலன்சர் சுட்டு இழுத்துக்கொண்டது, அவன் குனிந்தான், என் காலைப் பார்க்க அல்ல, ஐயோ தோலு ஒட்டிக்கிச்சே, கறை போகாதே என்று துணி எடுத்துத் துடைத்தான், நான் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு அவன் துடைப்பதைப் பார்த்தேன், எவ்வளவு மென்மையான விரல்கள். புதிதாக வாங்கியபோது ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் முறுக்கக் கூடாது, அது மெதுவா பழகோணும் என்று எல்லோரிடமும் சொன்னான், எங்களுக்கும் கல்யாணமாகி அப்போது ஒரு மாதம்தான், எனக்கு யாரும் ஆயிரம் கிலோமீட்டர் கொடுக்கவில்லை.

வக்கீல் பானுமதி அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள், ஏம்மிணி, ஜீவனாம்சம் வேண்டாங்கற, அந்த வண்டி மட்டும் போதுங்கற, உனக்கு ஓட்டத் தெரியுமா, தெரியாதுக்கா என்றேன், அப்புறம் எதுக்கு, சும்மாக்கா என்றேன். என்னை விட்டுவிடும் காகிதத்தில் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டவன், சாவியை மேசையில் வைத்தான், எடுத்தான், மறுபடியும் வைத்தான், கண் கலங்கியிருந்தது. வண்டியை உறை போடாமல் காம்பவுண்டு ஓரத்தில் வெயிலில் நிறுத்தினேன், காக்கை எச்சமிட்டது, மழை பெய்தது, செயின் செம்பட்டை நிறமானது, எதிரே டீக்கடையில் தம்ளரைப் பிடித்தபடி அவன் நிற்பான், நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அவன் முகத்தைக் குடிப்பேன், ஒருநாள் கேட்டருகே வந்தான், செயினுக்காவது எண்ணெய் போடுங்க, பாவமுங்க, என்னிடம் அவன் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல்முறை. அன்றைக்குத்தான் புரிந்தது, வண்டி செத்துப்போனால் அழுதுவிட்டு மறந்துவிடுவான், இது உயிரோடு இருக்க வேண்டும், என் கையில். மூடிய மில்லின் வளாகத்தில் விழுந்து விழுந்து ஓட்டப் பழகினேன், சாய்ந்த வண்டியை முதுகைச் சீட்டுக்குக் கொடுத்துக் காலால் உந்தித் தூக்கினேன், லேசாக முறுக்கினாலே முன்சக்கரம் தரையை மறந்துவிடும், தூக்கத்தில் அது என் கட்டிலோரம் வந்து நின்று டிக் டிக்கென்று சூடாறிக்கொண்டிருக்கும், கனவா, நான்தான் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினேனா, தெரியாது.

இன்று காலை மறுபடியும் கேட்டில் நின்றான், ஒரே ஒரு ரவுண்டு, நான் ஓட்டிட்டுத் தந்தர்றேனுங்க, பின்னாடி உக்காரு என்றேன், உட்கார்ந்துவிட்டான்.

பச்சை விழுகிறது, ஈச்சனாரி தாண்டிச் சாலை அகலமாகிறது, மூன்றாம் கியர், நான்காம் கியர், மறைப்பு ஏதுமில்லாத வண்டியில் காற்று நேராக நெஞ்சில் வந்து அறைகிறது, அவன் விரல்கள் என் இரண்டு தோள்களிலும் ஆழமாகப் பதிகின்றன, நான் வேண்டாமென்று சொல்லவில்லை, மெதுவா, புள்ள, மெதுவா, லாரி வருது பாரு, இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். ஒத்தக்கால்மண்டபம் தாண்டி ஒரு பஸ் நிறுத்தத்தில் நிறுத்தியபோது அவன் இறங்கித் தூணைப் பிடித்துக்கொண்டான், தண்ணீர் கேட்டான், இல்லை என்றேன், மூச்சு வாங்கி முடித்துச் சொன்னான், நல்லாத்தான் ஓட்டறீங்க. நான்கு வருடம் எதற்காவது இப்படி ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்தேன், இப்போது வந்து, ஹெட்லைட்டில் மோதிய பூச்சிபோல ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஏறட்டுமா என்றான், பஸ் வரும் என்றேன். கிளம்பியபின் கண்ணாடியில் பார்த்தேன், வெயிலில் கையைப் பாதி தூக்கியபடி நின்றிருந்தான், புள்ளியாகும்வரை அவன் பார்வை பின்சக்கரத்தை விட்டு என் முதுகுக்கு ஏறவே இல்லை, ஏறாது என்று கோர்ட்டிலேயே எனக்குத் தெரியும், என்னைப் பிரிந்து அவன் ஒருநாளும் ஏங்கமாட்டான், அதனால்தான் எதைப் பிரிந்தால் ஏங்குவானோ அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.